ஊசிக்கு வரிசை, காசுக்குப் பட்டியல்

யாழ்ப்பாணத்தில் சமூகவியல் படிக்கும் மாங்குளத்துப் பிள்ளை ஒருவர் என்னிடம் கேட்டிருந்தார்: "கொரோனாவுக்குப் பிறகு உலகம் முழுக்க நலன்புரி அரசு திரும்பி வரும் என்று எழுதினார்கள். எங்கள் பக்கம் 2020இல் குடும்பத்துக்கு 5,000 ரூபா வந்தது, அப்புறம் விலைவாசி வந்தது, கடைசியில் சமுர்த்தி என்ற பழைய வறுமை உதவித் திட்டம் போய் அஸ்வெசும என்ற புதியது வந்தது. இது வளர்ச்சியா, தேய்வா? வன்னியிலிருந்து பார்த்தால் இனி என்ன நடக்கும்?"

நான் 27 வருடம் இலங்கையின் வடக்கே வன்னியில் கிராம அலுவலராக இருந்து ஓய்வுபெற்றவன். ஊர்ச்சனம் இன்றைக்கும் விதானையார் என்றுதான் கூப்பிடும். பட்டியல் எழுதியே சம்பளம் வாங்கியவன் பட்டியலைக் குறை சொல்வது வேடிக்கையாக இருக்கலாம். ஆனாலும் கத்தி எந்த இடத்தில் மொட்டை என்று அதைப் பிடித்தவனுக்குத்தான் தெரியும்.

என் பதில் இது. ஆள் பார்க்காமல் எல்லோருக்கும் கொடுத்தவை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தடுப்பூசி, இங்கே போரிலும் தொற்றிலும் தப்பிப் பிழைத்தன. ஆள் பார்த்துக் கொடுத்தவை ஒவ்வொரு தடவையும் இடறின. பெருந்தொற்று இதைப் பச்சையாகக் காட்டிவிட்டுப் போனது. அதற்குப் பிறகும் அரசு ஆள் பார்க்கும் வழியைத்தான் கூட்டிப் பிடித்திருக்கிறது.

முதலில் பழங்கதை கொஞ்சம், ஏனென்றால் தொற்று வந்தால் நலன்புரி வரும் என்ற எண்ணம் எங்கள் நாட்டில் ஒருமுறை உண்மையானது. 1934 கடைசியிலும் 1935இலும் இலங்கையில் மலேரியா அடித்தது. ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் செத்தார்கள். நாட்டின் சனத்தொகையே அப்போது 55 லட்சம் அளவில்தான். கேகாலைப் பக்கம்தான் பலத்த அடி. அங்கே மருந்தும் சாப்பாடும் தூக்கிக்கொண்டு போன இளைஞர்கள் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி என்ற இடதுசாரிக் கட்சியைத் தொடங்கினார்கள். அவர்களில் என். எம். பெரேராவும் பிலிப் குணவர்த்தனவும் 1936இல் அரசாங்க சபைக்குத் தெரிவானார்கள். சர்வசன வாக்குரிமை வந்து அப்போது ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. வாக்குள்ள சனம் காய்ச்சலில் சாவதை ஆட்சியில் இருந்தவர்களால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கிராமத்து ஆஸ்பத்திரிகள் கூடின. 1939இல் வறியோர் சட்டம், 1942இல் பங்கீட்டு அரிசி, 1945இல் இலவசக் கல்வி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அந்த அரிசியில் கை வைத்தால் என்ன நடக்கும் என்பதை 1953 ஆகஸ்ட் 12 காட்டியது. கொத்து அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றினார்கள். நாடு ஹர்த்தாலில் நின்றது, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

ஆக அன்றைக்குக் காய்ச்சல் மட்டும் வேலை செய்யவில்லை. வாக்கும் இருந்தது, வாக்கைத் தூக்கிக்காட்ட ஆளும் இருந்தார்கள், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு விலையேறிய ரப்பரும் தேயிலையும் திறைசேரியில் காசு போட்டன. 2020இல் இந்த மூன்றில் கடைசி ஒன்று அடியோடு இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

வன்னிக்கும் மலேரியாவுக்கும் தனிக் கணக்கு உண்டு. தெற்கைப்போல எப்போதாவது வந்து போகிற காய்ச்சலாக அது இங்கே இருக்கவில்லை, குடியிருந்தது. குளங்கள் தூர்ந்து ஊர்கள் காடாகிக் கிடந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1940களின் நடுவில் டி.டி.ரி. நுளம்பு மருந்து வீடு வீடாக அடிக்கத் தொடங்கிய பிறகுதான் காடு வெட்டிக் குடியேறச் சனம் துணிந்தது. வட்டக்கச்சி போன்ற குடியேற்றத் திட்டங்களில் மேட்டுக்காணியும் வயலும் வாங்கிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று என்னிடம் இப்படிக் கேள்வி கேட்கிறார்கள். காணி அரசு கொடுத்தது, வாய்க்கால் அரசு வெட்டியது, காய்ச்சலை அரசு விரட்டியது. எங்கள் ஆட்களுக்கு அரசோடு எத்தனையோ கணக்குத் தீர்க்க இருக்கிறது, அது வேறு விஷயம். ஆனால் 'நலன்புரி' என்பது கொழும்பில் யாரோ கண்டுபிடித்த சொல் என்று வன்னிக்காரர் சொல்ல முடியாது.

போர்க்காலத்தை எடுங்கள். 1990களில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இந்தப் பக்கத்துக்கு, அரசு போட்ட தடையால், சீமெந்து, பற்றரி, எரிபொருள் ஒன்றும் வராது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டுத்தான் பிள்ளைகள் படித்தார்கள். ஆனால் அதே பிள்ளைகள் எழுதிய சாதாரணதரப் பரீட்சையின் வினாத்தாள் கொழும்பிலிருந்துதான் வந்தது. ஆசிரியருக்கும் டொக்டருக்கும் மாவட்டச் செயலகக் கச்சேரிக்காரருக்கும் எனக்கும் சம்பளம் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. மருத்துவமாது சைக்கிளில் வந்து குழந்தைக்கு ஊசி போட்டார். ஒரு நாட்டின் அரசு தன்னோடு சண்டை பிடிக்கிற பகுதியின் பள்ளிக்கூடத்துக்குச் சம்பளம் அனுப்பிக்கொண்டிருந்தது என்பதை வெளிநாட்டுக்காரருக்குச் சொன்னால் நம்புவதில்லை. அதை நிறுத்த முடியாமல் போனதற்குக் காரணம், இலவசக் கல்வியும் இலவச மருத்துவமும் 'இன்னாருக்கு' என்று எழுதப்படவில்லை. பெயர் வெட்டுவதற்கு அங்கே பெயரே இல்லை.

நிவாரணம் அப்படியல்ல. நிவாரண அட்டை, குடும்ப அட்டை, இடம்பெயர்ந்தவர் அட்டை என்று எல்லாவற்றிலும் ஒரு பெயர் உண்டு, ஒரு எண்ணிக்கை உண்டு, அந்த எண்ணிக்கையை யாரோ ஒருவர் கொழும்பில் குறைத்து எழுதலாம். 2009இல் முள்ளிவாய்க்கால் பக்கம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சொல்லப்பட்ட கணக்கும் உண்மையில் இருந்த சனமும் எவ்வளவு தூரம் விலகியிருந்தன என்பதை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. சாப்பாடும் மருந்தும் அந்தக் கணக்குப்படிதான் கப்பலேறின.

சரி, கொரோனாவுக்கு வருவோம். 2020 மார்ச் 20இல் ஊரடங்கு. வன்னியில் பாதிச் சனம் அன்றன்றைக்கு உழைத்து அன்றன்றைக்குச் சமைப்பவர்கள். மேசன் வேலை நின்றது, சந்தை நின்றது, முல்லைத்தீவு மீன் கொழும்புக்குப் போகவில்லை. ஏப்ரலில் 5,000 ரூபா வந்தது, மே மாதம் இன்னொரு 5,000. உள்ளதைச் சொல்லவேண்டும், வேகமாகத்தான் வந்தது. நாங்களும் சமுர்த்தி உத்தியோகத்தர்களும் முகக்கவசத்தோடு வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தோம். முதலில் சமுர்த்திப் பட்டியல், பிறகு காத்திருப்போர் பட்டியல், முதியோர், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளர் என்று விரிந்தது.

இடறியது எங்கே என்றால் ஒரே வளவுக்குள். கலியாணம் முடித்த மகன் வளவின் மூலையில் தகரக் கொட்டில் போட்டு இருப்பான், மகள் மற்ற மூலையில். மூன்று அடுப்பு, மூன்று உலை. ஆனால் குடும்ப அட்டை ஒன்று, தாயின் பெயரில். ஆக 5,000 ஒன்று. காணி உறுதி இல்லாதவன் தனி அட்டை எடுக்க ஓடித் திரிய வேண்டும் என்பதால் அவன் எடுக்காமலே விட்டிருப்பான். 1958, 1977 இனக்கலவரங்களுக்குப் பிறகு மலையகத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களில்தான் இது கூட. நாற்பது ஐம்பது வருடம் இங்கே இருந்தும் இன்னும் காணிக்குப் பத்திரம் இல்லாதவர்கள் அவர்களில் இருக்கிறார்கள்.

அடுத்த வருடம், 2021 நடுப்பகுதியில், தடுப்பூசி வந்தது. பள்ளிக்கூட மண்டபத்தில் வாங்கு போட்டு, பி.எச்.ஐ. என்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒரு மேசையில், மருத்துவமாது மற்ற மேசையில். வயது கேட்டார்கள், அடையாள அட்டை கேட்டார்கள், அவ்வளவுதான். அட்டை துலைத்தவரையும் கொஞ்சம் ஏசிவிட்டு உள்ளே எடுத்தார்கள். யாரிடம் உழவு இயந்திரம் இருக்கிறது, யார் வீட்டில் எத்தனை மாடு என்று ஒருவரும் கேட்கவில்லை. மூன்று அடுப்பு வளவிலிருந்து எல்லோரும் வந்து வரிசையில் நின்றார்கள், எல்லோருக்கும் ஊசி கிடைத்தது.

இதற்குள் ஒரு இடைச்செருகல். அரசு பராமரிக்கிற முகம் எப்போதும் வெள்ளை உடுப்போடு வரும் என்றில்லை. படையினர் பிடித்து வைத்திருந்த காணியை விடச் சொல்லி 2017இல் சனம் வீதியில் இருந்த கேப்பாப்புலவில், விமானப்படை முகாமில்தான் 2020இல் தனிமைப்படுத்தல் நிலையம். பார்க்கிறவனும் காவல் நிற்கிறவனும் ஒரே ஆளாக இருந்தால் சனத்துக்கு அந்தக் கவனிப்பு எப்படித் தெரியும் என்பது தனியாக எழுதவேண்டிய சங்கதி. விட்டுவிடுகிறேன்.

இப்போது காசு. 2019 டிசம்பரில் பெறுமதிசேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாக வெட்டினார்கள். மூன்று மாதத்தில் தொற்று. 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை, அந்தக் காலபோகம், மழைக்கால நெற்செய்கை, எங்கள் விவசாயிகளின் காலை வாரியது. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. அந்த வருடம் அரச வருமானத்தில் முக்கால் பங்குக்கு மேல் வட்டிக்கே போனது. செப்டெம்பரில் கொழும்பு உணவுப் பணவீக்கம் 95 வீதத்தைத் தொட்டது. பணக்கார நாடுகள் கடன் வாங்கித் தொற்றைக் கடந்தன. இங்கே தொற்று முடிந்ததும் கடன்காரன் வாசலில் நின்றான். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் ஏற்பாடு, நான்கு வருடத்தில் ஏறத்தாழ 300 கோடி டொலர். அதில் நலன்புரிக்கென்று குறைந்தது இவ்வளவு செலவழிக்க வேண்டும் என்று ஒரு கீழ்வரம்பும் உண்டு. ஒரு கையால் வரியை 18 வீதமாக ஏற்றச் சொல்லி, மற்றக் கையால் மிக வறியவரைக் கண்டுபிடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். அந்த மற்றக் கைதான் அஸ்வெசும.

சமுர்த்தி நல்ல திட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. 1995இல் தொடங்கிய சமுர்த்தி கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போர் முடிந்த பிறகுதான் எட்டிப் பார்த்தது. அரசியல்வாதியின் ஆள், உத்தியோகத்தரின் உறவு என்று பெயர் ஏறின கதைகள் நாடு முழுக்க உண்டு. ஆகவே முகம் பார்க்காமல் புள்ளி பார்ப்போம் என்று 22 குறிகாட்டிகள் வைத்தார்கள். கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்பம் என்று ஆறு தலைப்பு. 37 லட்சம் அளவில் விண்ணப்பம், 20 லட்சம் குடும்பங்களுக்கு இடம், 2,500 ரூபாவிலிருந்து 15,000 வரை நான்கு படி. 2025 தொடக்கத்தில் மேல் இரண்டு படியையும் 10,000, 17,500 என்று கூட்டினார்கள். மிக வறிய குடும்பத்துக்கு அது சமுர்த்தியைவிடப் பல மடங்கு. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்தப் புள்ளி வன்னிக்கு வந்தபோது என்ன நடந்தது என்று ஒரு வீட்டில் வைத்துச் சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், வயது ஐம்பத்தைந்து இருக்கும். வீடு இந்திய வீட்டுத்திட்டம். ஐந்தரை லட்சம் கொடுத்தார்கள், மிச்சத்துக்கு இரண்டு இடத்தில் கடன்பட்டுக் கட்டினார். ஓடு போட்டாயிற்று, உள்ளே பூச்சு இன்னும் இல்லை. முற்றத்தில் வேப்பமரத்தடியில் ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம், டயர் இல்லாமல், எஞ்சினுக்குள் கோழி அடை கிடக்கிறது. பக்கத்துக் கொட்டிலில் இருக்கிற தாய்க்கும் மகளுக்கும் கரண்ட் இல்லை, ஆகவே இவர் வீட்டிலிருந்து ஒரு வயர் இழுத்து அவர்களுக்கு ஒரு பல்ப். கணக்கெடுக்க வந்த பிள்ளை கேட்டது: வீடு நிரந்தரமா? ஓம். வாகனம்? அங்கே நிற்கிறதை எழுதியது. மின்சாரப் பாவனை? பில்லைக் காட்டினார், அதில் இரண்டு வீட்டு யூனிற். பிறகு கேட்டது: குடும்பத் தலைவர்? கணவர் 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், வட்டுவாகலில் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவர். "இருக்கிறார், பிள்ளை. வருவார்" என்று சொன்னார். அந்தப் பிள்ளை என்ன செய்யும், ஆண், வயது 58 என்று போட்டது.

பட்டியல் வந்தபோது பெயர் இல்லை.

"விதானையார், என்ர பேரை வெட்டிப்போட்டினம்" என்று என்னிடம்தான் வந்தார், நான் ஓய்வுபெற்று இரண்டு வருடமாகியிருந்தும். மேன்முறையீடு எழுதிக் கொடுத்தேன். ஒரு அலுவலகத்தில் மரணச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டார்கள். அதை அவர் எடுக்கமாட்டார். 2017 பெப்ரவரி 20இலிருந்து காணாமற்போனவர்களைக் கேட்டுக் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில் போராட்டம் இருந்த தாய்மாரில் அவரும் ஒருவர். காணாமற்போனதற்கென்று தனிச் சான்றிதழுக்கு 2016இல் சட்டம் வந்தது என்று விளங்கப்படுத்தினேன். "அதை எடுத்தால் பிறகு தேடமாட்டினம்" என்றார். நான் மேலே பேசவில்லை.

யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் லஞ்சம் வாங்கவில்லை, கருவியும் பிழையில்லாமல் வேலை செய்தது. அயலுக்கு வெளிச்சம் கொடுத்தது சொத்தாகப் பதிவானது, கணவர் வருவார் என்ற நம்பிக்கை உழைக்கும் ஆண்மகனாகப் பதிவானது. பழைய சமுர்த்தியில் உத்தியோகத்தர் கள்ளமாக ஒரு பெயரைச் சேர்க்கலாம், சரி. ஆனால் இப்படியான ஒரு பெயரை நியாயமாகவும் சேர்க்கலாம்.

கோடு போட்டுப் பிரிப்பதில் இன்னொரு சிக்கல், கோட்டுக்குப் பக்கத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது. அரசின் கணக்குப்படி 2012/13இல் மன்னாரில் வறுமை 20.1 வீதம், 2016இல் 1 வீதம். முல்லைத்தீவு 28.8இலிருந்து 12.7. ஆனால் கிளிநொச்சி 12.7இலிருந்து 18.2க்கு ஏறியது, அந்த வருடம் நாட்டிலேயே அதுதான் கூட, தேசிய அளவு 4.1தான். மூன்று நான்கு வருடத்தில் மன்னார் சிங்கப்பூர் ஆகவில்லை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கோட்டுக்கு அரை முழம் மேலும் கீழுமாகச் சனம் குவிந்து நின்றால் ஒரு நல்ல மழைக்கு மேலே ஏறும், ஒரு வரட்சிக்குக் கீழே விழும். சில வருடங்களுக்கு ஒருமுறை எடுக்கிற கணக்கு அந்த ஏற்ற இறக்கத்தைப் பிடிக்காது. தொற்று வந்த மாதத்தில் பிடிக்கவே பிடிக்காது.

இந்தியாவில் இருக்கிறவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2021இல் தமிழ்நாட்டில் அரிசி குடும்ப அட்டை வைத்திருந்த எல்லோருக்கும் இரண்டு தவணையில் 4,000 ரூபாய் போனது. வறியவர், வறியவர் அல்லாதவர் என்று ரேஷனைப் பிரிக்காமல் வைத்திருந்த மாநிலம் அது, அதனால் புதிதாக ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. எங்களிடமும் ஒரு காலம் அரிசிக் கூப்பன் எல்லோருக்கும் இருந்தது. 1978இல் வறியவருக்கு மட்டும் என்றார்கள், 1979இல் அதை உணவு முத்திரையாக்கினார்கள். அதன் பிறகு முத்திரையின் மதிப்பை விலைவாசி தின்றது, கேட்க ஆளில்லை. நடுத்தர வர்க்கம் இல்லாத வரிசைக்கு எப்போதும் குரல் குறைவு.

அப்படியானால் இனி என்ன? இலவச மருத்துவத்தையோ கல்வியையோ எந்த அரசும் வெளிப்படையாக நிறுத்தாது, 1953 எல்லோருக்கும் ஞாபகம். நடக்கிறது வேறு. டொக்டர் பார்ப்பார், காசில்லை. பிறகு ஒரு துண்டு தருவார்: "இதை வெளியில வாங்குங்கோ." அந்தத் துண்டுகள் 2022க்குப் பிறகு கூடிவிட்டன. டொக்டர்மார் வெளிநாடு போகிறார்கள், முதலில் காலியாவது தூரத்து ஆஸ்பத்திரிக் கதிரைதான். வன்னியில் எது தூரமில்லை? பெயர்ப்பலகையில் இலவசம் இருக்கும், உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். உங்கள் கேள்வியில் தேய்வு என்று கேட்டீர்களே, நான் பயப்படுகிற தேய்வு அங்கேதான், அஸ்வெசுமவைவிடவும்.

காசுப் பக்கம் என் யோசனை சின்னது. புள்ளி போடுவதைப் பாதியாகக் குறைத்து, வயதையும் உடலையும் பார்த்துக் கொடுக்கலாம்: இவ்வளவு வயதுக்கு மேற்பட்ட எல்லா முதியவருக்கும், எல்லா மாற்றுத்திறனாளிக்கும், எல்லாச் சின்னப் பிள்ளைக்கும். வயதை மறைக்க முடியாது, பிறப்புச் சாட்சிப்பத்திரம் போதும். போரில் கால் போனவர்கள் இங்கே எத்தனை பேர், அவர்களிடம் மீற்றர் பில் கேட்டு என்ன பயன்? காசு எங்கே என்று கேட்பீர்கள். பணக்காரருக்கும் போகுமே என்பீர்கள். போகட்டும், அதை வரியில் திருப்பி எடுக்கலாம். இப்போது வரியின் பெரும்பகுதி சவர்க்காரத்திலும் போன் காட்டிலும் மறைந்து வருகிறது, அதைக் கூலிக்காரனும் கட்டுகிறான். வருமான வரியை ஒழுங்காக எடுக்கிற அரசுதான் எல்லோருக்கும் கொடுக்கவும் முடியும்.

"வெளிநாட்டுக் காசு இருக்கே" என்று சிலர் சொல்வார்கள். உண்மை, கொரோனாவில் கனடாவிலும் சுவிஸிலும் வேலை போனவர்கள்கூட அனுப்பினார்கள். வன்னியின் பாதி நலன்புரி அதுதான். ஆனால் தெருவில் நடந்து பாருங்கள்: மதில் கட்டிய வீட்டுக்குக் காசு வரும், அடுத்த ஒழுங்கையில் மலையகத்திலிருந்து வந்தவன் வீட்டுக்கு அனுப்ப ரொறன்ரோவில் யாரும் இல்லை. சொந்தக்காரர் தருவது சொந்தக்காரருக்குத்தான் போகும், அதில் பிழை பிடிக்கவும் முடியாது.

ஆய்வுக்கு எழுதுவதென்றால் ஒரு வேலை செய்யுங்கள். கிளினிக் நடக்கும் காலையில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய் ஒரு மணித்தியாலம் வாங்கில் இருங்கள். பிறகு அதே நாள் பிரதேச செயலகத்தில் மேன்முறையீட்டு மேசைக்கு முன்னால் ஒரு மணித்தியாலம். இரண்டு இடத்திலும் நிற்பது அனேகமாக ஒரே ஆட்களாகத்தான் இருக்கும். முதல் இடத்தில் பிள்ளையின் நிறையைப் பற்றிக் கதைப்பார்கள், இரண்டாவது இடத்தில் ஃபைலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நிற்பார்கள். தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோங்கள், இரண்டாவது இடத்தில் நிழல் இல்லை.